இக்காரியா தீவுக்குப் போகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

இக்காரியாவுக்குப் போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கப்பலை விட்டு இறங்கிய பிறகுதான் தெரியவரும். அறை பிடித்தது தெற்குக் கரையில், இறங்கியது வடக்குக் கரையில். நடுவில் ஒரு மலை.

கிழக்கு ஏஜியன் கடலில், மிக்கோனோஸுக்கும் சாமோஸுக்கும் இடையே நீண்டு கிடக்கும் கிரேக்கத் தீவு இது. பரப்பு சுமார் 255 சதுர கிலோமீட்டர், மக்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். இதற்குத் துறைமுகம் இரண்டு: தெற்கே தலைநகர் ஆயோஸ் கிரிகோஸ், வடக்கே எவ்திலோஸ். ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸிலிருந்து வரும் கப்பல் ஒரு நாள் இங்கே நிற்கும், மறுநாள் அங்கே நிற்கும். டிக்கெட்டில் வெறுமனே ‘இக்காரியா’ என்று இருந்தால் போதாது, எந்தத் துறைமுகம் என்று பார்த்துவிட்டுத்தான் அறை பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு வளைந்து வளைந்து போகும் மலைப்பாதை. நள்ளிரவில் கப்பல் வந்து சேர்ந்தால் பேருந்தை நம்ப முடியாது.

வரைபடத்தில் விரலை வைத்துத் தூரம் அளப்பதும் இதே வகைத் தவறுதான். தீவின் முதுகெலும்பாக ஓடும் அத்தேராஸ் மலை ஆயிரம் மீட்டருக்கு மேல் எழுகிறது. கைக்கெட்டும் தூரத்தில் தெரியும் ஊருக்கு நாற்பது நிமிடம் ஆகும். பேருந்து அபூர்வம், அதனால் கார் தேவை. கிளம்புமுன் பெட்ரோல் போட்டுக்கொள்ளுங்கள், வழியில் பங்க் வரும் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது காற்று. ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து ‘மெல்தேமி’ அடிக்கும். வானம் பளிச்சென்று இருக்கும், மேகம் ஒன்றுகூட இருக்காது, ஆனால் கப்பல் கிளம்பாது. காற்று எல்லை மீறினால் துறைமுகக் காவல்துறை கப்பல்களுக்குத் தடை போட்டுவிடும். ஆகவே தீவை விட்டுக் கிளம்பும் அன்றே ஏதென்ஸில் ஊர் திரும்பும் விமானத்துக்குப் பதிவு செய்வது சூதாட்டம். நடுவில் ஒரு நாளாவது விடுங்கள். விமானத்திலேயே வந்து போகலாமே என்றால், அந்தச் சின்ன விமான நிலையத்தையும் காற்று விட்டுவைப்பதில்லை. கிரேக்கப் புராணத்தில் மெழுகால் ஒட்டிய சிறகோடு பறந்து, மெழுகு உருகிக் கடலில் விழுந்த இக்காரஸின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார்கள். குறும்புக்காரர்கள்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்களுக்கு இன்னொரு பொறி உண்டு. பக்கத்துச் சாமோஸிலிருந்து துருக்கியின் குஷாதாசிக்குப் படகு போகிறது. ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினால், கிரீஸ் உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான, ஒருமுறை மட்டுமே நுழைய அனுமதிக்கும் ஷெங்கன் விசா அத்தோடு தீர்ந்தது. துருக்கிக்குத் தனி விசாவும் வேண்டும்.

இனி ஆட்களைப் பற்றி. மலைமேல் இருக்கும் கிறிஸ்தோஸ் ராகேஸ் ஊருக்குப் பகலில் போய், ‘எல்லாக் கடையும் மூடிக் கிடக்கிறது, சோம்பேறி ஊர்’ என்று சொல்லிவிட்டு வருகிறவர்கள் பலர். அங்கே கடைத்தெரு உயிர்பெறுவதே இருட்டிய பிறகுதான். நள்ளிரவிலும் சாமான் வாங்கலாம். பகலில் தோட்டம், ஆடு, தேன்கூடு என்று அவரவர் வேலை. கடற்கொள்ளையர்களுக்கு அஞ்சிக் கரையை விட்டு மலைக்குள் ஒதுங்கி, பாறைக்கு அடியில் பாறை போலவே தெரியும் வீடுகளைக் கட்டி, புகைபோக்கிகூட வைக்காமல் வாழ்ந்த ஜனங்கள் இவர்கள். 1912 ஜூலையில், தங்களை ஆண்டுவந்த உதுமானியத் துருக்கியரின் படையை விரட்டிவிட்டு, கிரேக்கத்தோடு சேரும் வரை சில மாதம் தனிக் குடியரசாகவே இருந்தார்கள். 1940களின் கிரேக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில் அரசு ஆயிரக்கணக்கான இடதுசாரிகளை இங்கே கொண்டுவந்து ஒதுக்கி வைத்தது. இசையமைப்பாளர் மிக்கிஸ் தெயோதொராக்கிஸும் அவர்களில் ஒருவர். பிறர் வகுத்த நேரத்துக்கு ஆடாத குணத்துக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

பெரிய தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், நீண்ட ஆயுளின் ரகசியத்தைத் தேடிப் போவதைத்தான் சொல்வேன். தொண்ணூறு தாண்டியவர்கள் நிறைந்த ‘நீல மண்டலம்’ என்று இக்காரியா உலகப் புகழ் பெற்றுவிட்டது. அந்தப் பேச்சைக் கேட்டு மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களை அள்ளுவதும், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைக் கேட்காமல் படமெடுப்பதும் நடக்கின்றன. உலகெங்கும் இத்தகைய முதியோர் கணக்குகளில் வயதுப் பதிவுக் குளறுபடிகள் மலிந்திருப்பதாகக் காட்டிய சால் நியூமன் என்ற ஆய்வாளருக்கு, முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக்-நோபல் பரிசு 2024இல் கிடைத்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை. எது எப்படியோ, கத்தரிக்காயும் பூசணி இனத்துச் சுக்கினியும் ஆலிவ் எண்ணெயில் குழைய வேகும் ‘சுஃபிகோ’ நன்றாகவே இருக்கும், ‘கத்தூரா’ என்ற ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அப்படியே. ஆயுள் கூடுமா என்று கணக்குப் பார்த்துச் சாப்பிட வேண்டியதில்லை.

ஆயுளைவிட நல்ல காரணம் ‘பனிகிரி’. ஊர்த் தேவாலயத் திருவிழாவை ஒட்டி நடக்கும் இரவு விருந்து அது. கோடை முழுக்க ஏதாவது ஓர் ஊரில் இருக்கும், ஆகஸ்ட் 15ஐ ஒட்டி லங்காதாவில் நடப்பது பெரியது. எட்டு மணிக்குப் போய்ப் பதினொன்றுக்குத் திரும்புகிறவர் எதையும் பார்க்கவில்லை என்றே அர்த்தம். நள்ளிரவு கடந்துதான் வயலின் சூடுபிடிக்கும். தோளில் கைபோட்டு வட்டமாக ஆடும் இக்காரியோத்திக்கோஸ் விடியும்வரை நீளும். வேடிக்கை பார்த்துக்கொண்டு ஓரமாக நிற்காதீர்கள், வட்டத்தில் கைகோத்தால் யாரும் தள்ளிவிட மாட்டார்கள். வேகவைத்த ஆட்டிறைச்சியை எடைபோட்டுத் தருவார்கள், வைன் குப்பியாக வரும். சைவம் என்றால் சாலடும் ரொட்டியும் உருளைக்கிழங்கு வறுவலும் பாலாடைக்கட்டியும்தான், வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். ரொக்கம் கையில் இருக்கட்டும். மிஞ்சும் பணம் ஊர்ப் பொதுவேலைக்குப் போகும் என்பதால் பேரம் வேண்டாம். குடித்தவர் அந்த மலைப்பாதையில் வண்டி எடுக்கவே கூடாது.

கடல் விஷயத்தில் இரண்டே வார்த்தை. வடகரையின் மெஸ்ஸாக்திக் கடற்கரையில் அலை அழகாகத்தான் இருக்கும், அடியில் இழுவை பலம். காற்றடிக்கும் நாளில் வடகரையை விட்டுத் தென்கரைக்குப் போங்கள். நாஸ் கடற்கரையில், பழைய கிரேக்கத் தெய்வமான ஆர்ட்டெமிஸ் கோயிலின் அடித்தளம் கரையிலேயே கிடக்கிறது, அந்தக் கற்களின் மேல் துண்டு காயப்போடுவதைத் தவிர்க்கலாம்.

தெர்மா ஊரின் வெந்நீர் ஊற்றுகளில் ரேடான் என்ற கதிரியக்க வாயு உண்டு, சாதாரண வெந்நீர்க் குளியல் என்று மணிக்கணக்கில் ஊறக் கூடாது. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் மருத்துவரைக் கேட்காமல் இறங்க வேண்டாம். லெஃப்காதாவில் கொதிநீர் நேராகக் கடலுக்குள்ளேயே ஊறி வருகிறது, சுற்றிக் கல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். காசு கிடையாது. முதலில் கையை விட்டுப் பார்த்து, கடல்நீர் கலக்கும் இடமாகத் தேடி உட்காருங்கள். ஓரடி தள்ளி உட்கார்ந்தால் சுட்டுவிடும்.