பண்ணைக் காட்டைப் பத்திரத்தால் காப்பது எப்படி: வெர்மான்ட் நில உரிமையாளருக்கான வழிமுறை

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பரம்பரையாகப் பண்ணை நடத்தும் குடும்பங்கள் பலவற்றுக்கு, மேய்ச்சல் நிலத்தை ஒட்டி மலைச்சரிவில் கொஞ்சம் காடும் இருக்கும். குளிர்காலத்து விறகும், விற்பனைக்கான மரமும், மார்ச் மாதத்தில் மேப்பிள் சாறும் அதிலிருந்து கிடைக்கின்றன. பண்ணையைப் பிள்ளைகள் பாகம் பிரிக்கும்போது முதலில் மனைகளாக விலைபோவதும் அதுவே. அதைத் தடுக்க அங்குள்ள சட்டம் தரும் வழியே கன்சர்வேஷன் ஈஸ்மென்ட்.

நம் ஊர்ப் பத்திரங்களில் வரும் ‘மாமூல் வண்டிப்பாதைப் பாத்தியம்’ என்ற வரியை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். அந்தப் பாத்தியம் அடுத்தவருக்கு நம் நிலத்தில் நடக்கும் உரிமையைத் தருகிறது. ஈஸ்மென்டோ, நிலத்தைக் கூறுபோடவும் கட்டடம் எழுப்பவும் நமக்குள்ள உரிமையை நாமே விட்டுக்கொடுத்து, அதைக் கண்காணித்து அமல்படுத்தும் அதிகாரத்தை, நிலங்களைக் காக்கும் தொண்டு அமைப்பான ஒரு லேண்ட் டிரஸ்டிடமோ அரசு அமைப்பிடமோ ஒப்படைக்கிறது. நிலம் நம் பெயரிலேயே இருக்கும், விற்கலாம், உயில் எழுதலாம். ஆனால் வாங்குபவரையும் வாரிசையும் அந்தக் கட்டுப்பாடு என்றென்றும் தொடரும். ஆகவே பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசி முடிக்காமல் டிரஸ்டின் கதவைத் தட்ட வேண்டாம். நிரந்தரக் கட்டுப்பாட்டுக்கு மனம் ஒப்பவில்லை என்றால், 25 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள காட்டை, சந்தை விலைக்கு அல்லாமல் காடாகப் பயன்படும் மதிப்புக்கு மட்டும் வரிவிதிக்கும் மாநிலத் திட்டத்தில் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். அதிலிருந்து பின்னாளில் வரி கட்டி விலகவும் முடியும்.

முடிவெடுத்தபின் முதல் வேலை வில்லங்கம் பார்ப்பது. நிலம் வங்கியில் அடமானமாக இருந்தால், கடன் கொடுத்தவர் தம் உரிமையை ஈஸ்மென்டுக்குக் கீழ்ப்படுத்தி எழுதித் தர வேண்டும், அதுவும் பத்திரம் பதிவாகும் நாளுக்குள் தர வேண்டும். கொலராடோவில் ஒரு பண்ணைக் குடும்பம் இந்தக் கடிதத்தை ஏறத்தாழ 2 ஆண்டுகள் தாமதமாகப் பெற்றதால், ஈஸ்மென்டை நன்கொடையாகத் தந்ததற்கு அது கோரிய வரிக் கழிவு முழுவதையும் 2012இல் வரி நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அதிகக் கவனம் கேட்பது பத்திரத்தின் வாசகமே. வரிச் சலுகையைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்பவர்கள் இதை வழக்கறிஞரின் மாதிரிப் படிவத்துக்கு விட்டுவிடுகிறார்கள், அது தவறு. ‘மரம் வெட்டக் கூடாது’ என்று ஒரே வரியில் எழுதினால், நெருக்கமாக வளர்ந்த மரங்களைக் கலைத்துவிடுவதும், ஆஷ் (ash) மரத்தைத் துளைக்கும் மரகத வண்டால் பட்டுப்போன மரங்களை அப்புறப்படுத்துவதும் சேர்ந்தே நின்றுபோகும். அந்த வண்டு 2018இல் வெர்மான்டில் கண்டறியப்பட்டது. அதற்குப் பதிலாக, தகுதிபெற்ற வனவியலாளர் தயாரித்து டிரஸ்ட் ஏற்ற மேலாண்மைத் திட்டத்தின்படி வெட்டலாம் என்று எழுதுங்கள். ஒரு கேலன் மேப்பிள் பாகுக்குச் சுமார் 40 கேலன் சாறு காய்ச்ச வேண்டும் என்பதால், மரத்துக்கு மரம் ஓடும் பிளாஸ்டிக் குழாய், காய்ச்சும் கொட்டகை, அதற்குப் போகும் பாதை ஆகிய மூன்றையும் பெயர் சொல்லி அனுமதியுங்கள். மகளோ மகனோ பிற்காலத்தில் வீடு கட்டக்கூடும் என்றால், அதற்கென ஒதுக்கும் 2 ஏக்கரை இப்போதே சர்வேயர் அளந்து வரைபடத்தில் குறிக்கட்டும். ஓடைக்கரையில் இத்தனை அடிக்குள் வெட்டோ உழவோ கூடாது என்று டிரஸ்ட் கேட்டால், அந்த எல்லையையும் நேரில் நடந்து பார்த்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

கையெழுத்துக்கு முன் டிரஸ்ட் நிலத்தின் அன்றைய நிலையைப் படங்களோடும் வரைபடங்களோடும் ஆவணமாக்கும். பழைய மரம்வண்டிப் பாதைகளும் இடிந்த கல்வேலிகளும் அதில் விடுபடாமல் பாருங்கள், ஏனெனில் பின்னாளில் ஒரு தகராறு வந்தால் எது முன்பே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பணக் கணக்கு சுருக்கமானது. 6,00,000 டாலர் நிலம் கட்டுப்பாட்டுக்குப் பின் 4,00,000 பெறுமானால், ஈஸ்மென்டின் மதிப்பு 2,00,000 டாலர். அதை நன்கொடையாகத் தந்தால், மத்திய வருமான வரியில் ஆண்டு வருமானத்தின் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம்; மொத்த வருமானத்தில் பாதிக்கு மேல் பண்ணைத் தொழிலில் ஈட்டுபவர் 100 சதவீதம் வரை கழிக்கலாம்; மிச்சத்தை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். மதிப்பீடு நன்கொடைத் தேதிக்கு 60 நாளுக்கு முன்னதாகச் செய்யப்பட்டதாக இருக்கக் கூடாது. கோரும் கழிவு 5,00,000 டாலரைத் தாண்டினால் மதிப்பீட்டு அறிக்கை முழுவதையும் வரிப் படிவத்தோடு இணைக்க வேண்டும். போட்ட பணத்தைப் போலப் பல மடங்கு கழிவு வாங்கித் தருவதாகக் கூட்டுமுதலீட்டுத் தரகர் யாராவது வந்தால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்; அத்தகைய திட்டங்களை 2016 டிசம்பர் முதல் வருமான வரித்துறை குறிவைத்திருக்கிறது.

கண்காணிப்புச் செலவுக்கென டிரஸ்ட் ஒரு தொகையும் கேட்கலாம், அதைத் தொடக்கத்திலேயே பேசி முடித்துக்கொள்ளுங்கள். எல்லாம் ஒத்துவந்தபின் பத்திரத்தை ஊர் எழுத்தர் அலுவலகத்தின் நிலப் பதிவேட்டில் ஏற்றிவிட்டு, நிலை ஆவணத்தின் ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள். ஆண்டுதோறும் டிரஸ்டின் ஆள் காட்டைச் சுற்றிப் பார்க்க வரும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே நடந்து செல்லுங்கள்.