தேக்கி வைத்த டீசலின் நிலைப்புத்தன்மையைச் சோதிக்கும் முறை

மட்டக்களப்பு, அம்பாறை வயற்பகுதிகளில் உழவு இயந்திரமோ நெல் ஆலை ஜெனரேற்றரோ வைத்திருப்பவர் பெரும்போக அறுவடைக்கென வாங்கி மிஞ்சிய டீசலைச் சிறுபோக அறுவடை வரை பரலில் வைத்திருக்க நேர்ந்தால், இடையே கச்சான் காற்று வீசும் வெக்கை மாதங்கள் குறுக்கிடுகின்றன. ஒட்சிசனுடன் தாக்கமுற்றுப் பிசினும் படிவும் உண்டாகும் வேகம் வெப்பத்தோடு கூடும். நிறம் கறுப்பதை மட்டும் பார்த்து டீசல் பழுதென்று முடிவு செய்வது தவறு. வடிகட்டியை அடைப்பது படிவே.

ஆய்வுகூடச் சோதனைகளில் நான் முதலிடம் கொடுப்பது, ஏஎஸ்ரிஎம் (ASTM) என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் டி 4625 முறைக்கே. வடிகட்டிய 400 மில்லிலீற்றர் எரிபொருளை 500 மில்லிலீற்றர் கண்ணாடிப் போத்தலில் விட்டு, 43 பாகை செல்சியசில் இருட்டில் 24 வாரங்கள் வரை வைத்து, இடையிடையே ஒவ்வொரு போத்தலாக எடுத்து, வடிதாளில் தங்கும் படிவையும் சுவரில் ஒட்டிய பிசினையும் நிறுப்பார்கள். அங்கே ஒரு வாரம் 21 பாகையில் ஏறத்தாழ ஒரு மாதத்துக்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. நமது வெக்கையில் அந்த மாதக்கணக்கு அப்படியே பொருந்தாது, சுருங்கும். 95 பாகையில் ஒட்சிசன் செலுத்தி 16 மணித்தியாலத்தில் முடிக்கும் அதே அமைப்பின் டி 2274 முறை விரைவானது, எனினும் உண்மையான தேக்கத்தோடு அவ்வளவு ஒத்துப்போவதில்லை.

வீட்டில் எதையும் சூடாக்கவே கூடாது. டீசல் வாங்கிய அன்றே ஒரு கண்ணாடிப் போத்தலில் ஐந்தில் நான்கு பங்கு நிரப்பி, திகதி எழுதி, நெருப்பு அண்டாத இருட்டான, குளிர்ந்த இடத்தில் ஒப்பீட்டுக்கு வையுங்கள். பிறகு மாதந்தோறும், பரலை அசைக்காமல் ஒரு நாள் விட்டு, அடியிலிருந்து மாதிரி எடுத்து, இரண்டிலும் சம அளவை வெவ்வேறு வெள்ளை வடிதாள்களில் வடித்துப் பகலொளியில் ஒப்பிடுங்கள். பரல் மாதிரியின் தாளில் கபிலநிறக் கறை மாதத்துக்கு மாதம் தடித்து, வடியும் நேரமும் நீண்டால், அந்த டீசல் முதிர்கிறது. அடியில் நீர் பிரிந்து, அதன் மேல் வழுவழுப்பான படலம் தெரிந்தால் அது வேறு நோய்: நுண்ணுயிர்கள் வளர்ந்திருக்கின்றன. மாரி ஈரத்தில் பாதி வெறுமையான பரலுக்குள் நீர் சேர்வதை, தொடக்கத்திலேயே வடிகட்டிய டீசலில் செய்யும் ஆய்வுகூடச் சோதனை காட்டாது.

செம்பும் நாகமும் (துத்தநாகம்) இந்த முதிர்ச்சியைத் தூண்டுவன; பித்தளை இவ்விரண்டின் கலவை. ஆகவே பித்தளைக் குழாயோ நாகமுலாமிட்ட பாத்திரமோ பாவிப்பவர், ஒப்பீட்டுப் போத்தல் தெளிவாக இருப்பதை நம்பாமல், அந்தப் பாத்திரத்திலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும்.