வரலாற்றில் ஒரு நாள்: போர்க்குறிப்பு எழுதுவது எப்படி?

சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையை என் பாட்டி "சரியான எம்டன்" என்பார். அது மெட்ராஸ்மீது குண்டு போட்ட ஜெர்மன் கப்பலின் பெயர் என்று அப்பா சொல்லித் தெரியும். அதே கப்பல் அடுத்த மாதமே எங்கள் பினாங்குத் துறைமுகத்துக்குள் நுழைந்து ஒரு போர்க்கப்பலை மூழ்கடித்தது என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. பாட்டி வாழ்நாள் முழுக்க நடந்த கடற்கரை அது. அந்தச் செய்தியை முதன்முதலாகப் படித்த நாளிலிருந்துதான் 'வரலாற்றில் இந்நாள்' குறிப்புகளை எழுதி வருகிறேன்.

வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் இப்படி ஒரு பட்டியல் வருகிறது. ஆண்டு, ஒரு வரி. அடுத்த ஆண்டு, இன்னொரு வரி. தேநீர் ஆறுவதற்குள் மறந்துபோகும். பாதித் தேதிகள் தவறாகவும் இருக்கும். படிப்பவர் மனத்தில் நிற்கும்படி, தேதியும் பிசகாமல் எழுத நினைக்கும் புதியவர்களுக்காக என் வழியை எழுதுகிறேன். அக்டோபர் 28ஐ எடுத்துக்கொள்வோம்.

படி 1: நீங்கள் போய் நிற்கக்கூடிய இடத்திலிருந்து நாளைத் தேர்ந்தெடுங்கள்

நாட்காட்டியைப் புரட்டி ஏதோ ஒரு நாளை எடுக்காதீர்கள். உங்கள் ஊரில் என்ன நடந்தது என்று முதலில் பாருங்கள். பினாங்குக்கு 1914 அக்டோபர் 28 இருக்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையை ஒட்டிய எஸ்பிளனேட் கடல் சுவரில் நின்றால் சம்பவம் நடந்த நீர்ப்பரப்பு கண்ணுக்கு எதிரே தெரியும். இடத்தைப் பார்த்தவர் எழுதும் வரியில் அந்த வித்தியாசம் தெரியும்.

படி 2: அதே நாளின் மற்ற நிகழ்வுகளைச் சேருங்கள்

ஒரு நோட்டுப்புத்தகம் போதும். ஆண்டு, இடம், யாருக்கும் யாருக்கும் இடையே, தொடக்கமா முடிவா, எந்த நாட்காட்டி, எங்கே படித்தேன் என்று ஆறு பத்திகள் போடுங்கள். அக்டோபர் 28க்கு எனக்குக் கிடைத்தவற்றில் சில:

312: ரோம் அருகே மில்வியன் பாலத்தில் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் தன் போட்டியாளர் மாக்சென்டியஸை வென்றார்.
1628: ஓராண்டுக்கு மேல் நீடித்த முற்றுகைக்குப் பின் பிரான்சின் லா ரோஷெல் நகரம் பணிந்தது.
1664: இங்கிலாந்தில், பின்னாளில் ராயல் மரீன்ஸ் என்ற கடற்படை வீரர் பிரிவாக ஆன படைப்பிரிவு தொடங்கப்பட்டது.
1776: அமெரிக்க விடுதலைப் போரில் ஒயிட் பிளெயின்ஸ் சண்டை.
1914: பினாங்கு.
1940: முசோலினியின் இத்தாலி கிரீஸுக்குள் படையெடுத்தது.
1962: கியூபாவிலிருந்து ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாகச் சோவியத் தலைவர் குருஷ்சேவ் அறிவித்தார்.

படி 3: தேதியைச் சோதியுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான்.

மேலே உள்ள பட்டியலில் 1628, 1664 இரண்டையும் பாருங்கள். இரண்டும் அக்டோபர் 28தான். ஆனால் பிரான்ஸ் அப்போதே, இன்று நாம் பயன்படுத்தும் கிரிகோரியன் நாட்காட்டிக்கு மாறிவிட்டது. இங்கிலாந்து 1752 வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் 10 நாள் வித்தியாசம். ஆகவே இங்கிலாந்தின் 1664 அக்டோபர் 28, பிரான்சில் நவம்பர் 7. நாட்காட்டிப் பத்தியைக் காலியாக விட்டால் வெவ்வேறு இரண்டு நாட்களை ஒரே நாள் என்று எழுதிவிடுவோம்.

ரஷ்யா இன்னும் தாமதமாக, 1918இல்தான் மாறியது. 1914இல் வித்தியாசம் 13 நாள். பினாங்கில் மூழ்கியது ரஷ்யக் கப்பல் என்பதால், ரஷ்ய மூலங்களில் இதே சம்பவத்துக்கு அக்டோபர் 15 என்ற தேதியையும் பார்ப்பீர்கள். இரண்டும் சரியே. ரஷ்யாவின் 'அக்டோபர் புரட்சி'யை நவம்பர் 7இல் கொண்டாடுவதன் காரணமும் இதுதான்.

அடுத்தது நேர மண்டலம். மலேசியர்களான நமக்கு இதற்கு நம் மண்ணிலேயே உதாரணம் உண்டு. ஜப்பானியர் கோத்தா பாருவில் தரையிறங்கியது 1941 டிசம்பர் 8, நள்ளிரவு தாண்டியதும். ஹவாயில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் ஹார்பர்மீதான தாக்குதலோ டிசம்பர் 7 காலை. தேதியை மட்டும் பார்த்தால் பேர்ல் ஹார்பர் முந்தியது போலத் தோன்றும். உண்மையில் கோத்தா பாருவில் சுடத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகுதான் அங்கே குண்டு விழுந்தது. நடுவில் சர்வதேசத் தேதிக்கோடு இருக்கிறது; அதைத் தாண்டினால் தேதி ஒரு நாள் மாறும். எப்போதும் சம்பவ இடத்தின் உள்ளூர்த் தேதியையே எழுதுங்கள்.

தொடக்கத்தையும் முடிவையும் கலக்காதீர்கள். 1940 அக்டோபர் 28இல் கிரீஸ் போர் தொடங்கியது. லா ரோஷெல் முற்றுகை 1628இல் அந்த நாளில் முடிந்தது. 'நடந்தது' என்று பொதுவாக எழுதினால் வாசகர் குழம்புவார்.

படி 4: பிடித்த கதையையும் சோதித்து விலக்குங்கள்

செண்பகராமன் பிள்ளை எம்டனில் வந்து மெட்ராஸைத் தாக்கினார் என்ற கதை தமிழில் வெகுவாகப் பரவியிருக்கிறது. ஐரோப்பாவில் இருந்துகொண்டு ஆங்கிலேயருக்கு எதிராக உழைத்த பெரிய மனிதர் அவர். ஆனால் அவர் அந்தக் கப்பலில் இருந்தார் என்பதற்கு நம்பத்தகுந்த ஆவணச் சான்று இல்லை. எனக்கும் அந்தக் கதை மிகவும் பிடிக்கும். ஆனாலும் நோட்டில் அதை அடித்துவிட்டேன். ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதாத இரண்டு மூலங்கள் இல்லையென்றால் எந்த வரியும் வேண்டாம்.

பழைய செய்தித்தாள்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி, ஆஸ்திரேலியாவின் ட்ரோவ் இரண்டும் இலவசம். ரஷ்யப் பெயர்களை அந்நாளில் ஆளுக்கொரு விதமாக எழுதினார்கள். எழுத்துகளை மாற்றி மாற்றித் தேடுங்கள்.

படி 5: ஒன்றை மட்டும் முழுதாகச் சொல்லுங்கள்

ஏழு நிகழ்வுகளையும் ஒரே அளவில் எழுதினால் மீண்டும் வாட்ஸ்அப் பட்டியல்தான். ஒன்றை எடுத்துக்கொண்டு, யார், ஏன், எப்படி, பிறகு என்ன என்ற நான்குக்கும் பதில் எழுதுங்கள். நான் எழுதியது இது:

"1914 அக்டோபர் 28, விடியலுக்குச் சற்று முன். நான்கு புகைபோக்கிகளுடன் ஒரு கப்பல் வடக்கு வாயில் வழியாகப் பினாங்குத் துறைமுகத்துக்குள் வந்தது. பார்த்தவர்கள் பிரிட்டிஷ் கப்பல் என்று நினைத்தார்கள். எம்டனுக்கு உண்மையில் புகைபோக்கிகள் மூன்றே, நான்காவது போலி. உள்ளே வந்ததும் கேப்டன் கார்ல் வான் முல்லர் ஜெர்மன் கொடியை ஏற்றினார். நங்கூரமிட்டிருந்த ரஷ்யப் போர்க்கப்பல் ஜெம்சுக்கின் மீது நீருக்கடியில் செல்லும் டார்பிடோ குண்டு பாய்ந்தது. ஜெம்சுக் என்றால் முத்து. 1905இல் ஜப்பானுடன் நடந்த சுஷிமா கடற்போரில் தப்பிப் பிழைத்த கப்பல் அது. அதன் கேப்டன் அன்றிரவு கரையில் இருந்தார். இரண்டாவது டார்பிடோவில் கப்பல் வெடித்து மூழ்கியது. வெளியேறும் வழியில் எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. பிறகு நின்று, நீரில் தத்தளித்த 36 பேரைத் தூக்கிக்கொண்டது. அவர்கள் வேறொரு கப்பலில் ஏற்றப்பட்டு சுமத்ராவை அடுத்த சபாங்குக்கு அனுப்பப்பட்டார்கள். 12 நாள் கழித்து, நவம்பர் 9இல், கோக்கோஸ் தீவுகளில் ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் எம்டன் வீழ்ந்தது."

'வீரதீரம்', 'மாபெரும்' போன்ற சொற்கள் இதில் ஒன்றும் இல்லை. போலிப் புகைபோக்கியும் கரையில் இருந்த கேப்டனும் அவற்றைவிட அதிகம் பேசும்.

படி 6: இறந்தவர்களை எண்ணாக மட்டும் விடாதீர்கள்

ஜெம்சுக்கில் 80க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பல நூல்களில் 89 என்று இருக்கிறது. எண்ணிக்கை நூலுக்கு நூல் மாறினால் '80க்கும் மேல்' என்று எழுதுவதே நேர்மை. அதோடு நிறுத்தாமல், அவர்கள் எங்கே கிடக்கிறார்கள் என்று தேடுங்கள். வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அந்த ரஷ்ய மாலுமிகளுக்கு நினைவுச் சின்னம் உண்டு. ஒரு ஞாயிறு காலை பசியாறிவிட்டு அங்கே போனேன். மழை மரத்தடியில் நின்று கல்லில் இருந்த ரஷ்ய எழுத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன், வாசிக்கத் தெரியாமல். முந்தைய நாள் வரை அவர்கள் எனக்கு ஓர் எண். வீட்டுக்கு வந்ததும் குறிப்பின் முதல் வரியை மாற்றினேன்.

படி 7: வெளியிடுங்கள்

முழுதாக எழுதியதை மேலே வையுங்கள். மற்ற ஆண்டுகளை அதன் கீழே ஒவ்வொரு வரியில் கொடுத்தால் போதும். படம் போட்டால் உரிமை யாருடையது என்று பாருங்கள். நீங்களே எடுத்த படம்தான் நல்லது.

பயிற்சிக்கு டிசம்பர் 11ஐ எடுங்கள். 1941இல் அந்த நாளில்தான் ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ் டவுன்மீது குண்டு போட்டன; அதே நாளில் ஜெர்மனி அமெரிக்காமீது போர் அறிவித்தது. அடுத்த சில நாட்களில் ஆங்கிலேயர் ஊரைவிட்டு வெளியேறினார்கள். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த அவர்களுடைய கொடியை இறக்கியவர், பினாங்கில் செய்தித்தாள் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் சரவணமுத்து. கொடி இறங்கிய தேதியை உள்ளூர் மூலங்கள் இரண்டிலாவது பார்த்து உறுதி செய்துகொண்டு, அங்கிருந்து எழுதத் தொடங்குங்கள்.