வாவி மீனை வீட்டில் வளர்க்க முதலில் வாளித் தண்ணீரை அளவுங்கள்

மட்டக்களப்பில் தொட்டி வாங்குகிறவர்கள் நேரே கடைக்குப் போய் கப்பியும் கோல்ட்ஃபிஷும்தான் பிடித்து வருகிறார்கள். நம்ம வாவிக் கரையிலேயே, கண்டல் வேர்களுக்கு இடையில், மஞ்சள் உடம்பும் விலாவில் ஒரு கறுப்புப் பொட்டுமாக ஒரு மீன் திரிகிறது. மீன் வளர்க்கிறவர்கள் அதை ஒரேஞ்ச் குரோமைட் என்பார்கள். தென்னிந்தியாவும் இலங்கையும்தான் அதற்குச் சொந்த இடம். வளர்ந்தாலும் 8 சென்ரிமீற்றர் அளவுதான், ஆகவே 100 லீற்றர் தொட்டியில் ஐந்தாறு மீன் தாராளமாக இருக்கும்.

வாவியின் உப்பு வருசம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. மாரி வெள்ளம் இறங்கினால் பல இடங்களில் நல்ல தண்ணீர் போலவே ஆகிவிடும். வெயில் காலத்தில் முகத்துவாரத்துப் பக்கம் நன்றாகக் கரிக்கும். அதனால் யாரோ சொன்ன உப்புக் கணக்கை வைத்துக்கொண்டு மீனைத் தொட்டியில் கொட்டாதீர்கள். அத்தாங்கில் பிடித்தீர்களோ, வலைக்காரரிடம் கேட்டு வாங்கினீர்களோ, மீன் வந்த வாளித் தண்ணீரில் ஹைட்ரோமீற்றரை, அதாவது தண்ணீரின் அடர்த்தியை வைத்து உப்பைக் காட்டும் கருவியை, விட்டுப் பாருங்கள். தொட்டித் தண்ணீரை முதலில் அந்த அளவுக்கே வைத்து, இரண்டு மூன்று கிழமையில் கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கருவியில் 1.005 காட்டுகிற அளவுக்குக் கொண்டுவந்தால் போதும்.

அந்த அளவுக்கு, மழையில்லாத நாளில் அள்ளி துணியில் வடித்த கடல் தண்ணீர் 20 லீற்றரும் கிணற்றுத் தண்ணீர் 80 லீற்றரும் சரியாக வரும். கடலுக்குப் போக முடியாவிட்டால் கடல் மீன் தொட்டிக்கென்று விற்கிற உப்பை 100 லீற்றர் கிணற்றுத் தண்ணீரில் 700 கிராம் அளவில் கரையுங்கள். கறி உப்பு வேண்டாம், அதில் கல்சியமும் மக்னீசியமும் போதாது. குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் காற்றுக் குழாய் போட்டு வையுங்கள். அடியில் சிப்பித்தூள் கலந்த மணல் நல்லது. ஃபில்ட்டரில், மீன் கழிவில் வரும் அமோனியாவைப் போக்குகிற நல்ல பக்டீரியா ஊற நாலு தொடக்கம் ஆறு கிழமை எடுக்கும், அதற்கு முதல் மீனை விட்டால் அமோனியாவில் செத்துவிடும்.

அப்புறம் ஆவியாகிற தண்ணீர். கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் என் தொட்டி நாளுக்கு ஒரு விரல் குறையும், நானும் கலந்து வைத்த உப்புத் தண்ணீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினேன். ஒரு நாள் மூடியின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, மீன்கள் செட்டையை ஒடுக்கிக்கொண்டு மூலையில் நின்றன, இரண்டு செத்தும் போயின. தண்ணீர்தான் பறக்கும், உப்பு அங்கேயே இருக்கும். குறைந்த அளவுக்கு நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். கிழமைக்கு ஒருமுறை கால்வாசி மாற்றும்போதுதான் உப்புத் தண்ணீர்.

சாப்பாடு பிரச்சினையில்லை. நுளம்புக் குடம்பி, நறுக்கிய கூனி இறால், கண்ணாடியில் படர்ந்த பாசி எல்லாம் தின்னும்.

உடைந்த மண்சட்டி ஒன்றைக் கவிழ்த்து வையுங்கள், சோடி சேர்ந்தால் அதில்தான் முட்டை ஒட்டும். தாயும் தகப்பனும் மாறி மாறிச் செட்டையால் விசிறிக் காக்கும். அந்த நேரம் மற்ற மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றிவிடுங்கள், கிட்டப் போனால் துரத்திக் கடிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் பெற்றோரின் விலாவில் மொய்த்து கொத்திக் கொத்தி இழுக்கும். நோயென்று பயந்து பிரித்துவிடாதீர்கள், மேலில் ஊறுகிற வழுவழுப்பைத்தான் அவை தின்கின்றன. முட்டையிலிருந்து அப்போதே வெளிவந்த ஆர்ட்டீமியா என்கிற பொடி இறால் குஞ்சுகளையும் கொஞ்சம் போட்டு வந்தால் தாய் மீனுக்கு அந்தளவு களைப்பிருக்காது.