விருதுச் செய்தியைப் படித்துவிட்டுப் புத்தகம் வாங்கும்போது

ஒவ்வோர் அக்டோபரிலும் நோபல் அறிவிப்பு வந்ததும் நண்பர்கள் கேட்பது ஒன்றுதான்: "எந்தப் புத்தகத்துக்குக் கொடுத்திருக்காங்க?" முதல் தவறு இந்தக் கேள்விதான். இலக்கிய நோபல் பொதுவாக ஒருவருடைய மொத்த எழுத்துக்கும் தரப்படுவது. 2024இல் தென்கொரிய எழுத்தாளர் ஹான் காங் நோபல் பெற்றதும், 'தி வெஜிடேரியன்' நாவலை நோபல் வென்ற நாவல் என்று பலர் சொல்லக் கேட்டேன். அந்த நாவல் வாங்கியது 2016இன் சர்வதேச புக்கர். அதை மட்டும் படித்துவிட்டு, பிடிக்கவில்லை என்று ஹான் காங்கையே ஒதுக்கிவிடாதீர்கள். 1980இல் குவாங்ஜூவில் மக்கள் கொல்லப்பட்டதைப் பற்றிய 'ஹியூமன் ஆக்ட்ஸ்' நாவலையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

"நோபல் பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றார்" என்று வரும் செய்திகளையும் நம்ப வேண்டாம். பரிந்துரைகளை 50 ஆண்டுகளுக்கு வெளியிடக் கூடாது என்பது நோபல் விதி.

புக்கரும் சர்வதேச புக்கரும் ஒன்றல்ல. முன்னது ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட நாவலுக்கு. பின்னது ஆங்கிலத்துக்கு மொழிபெயர்க்கப்பட்ட நூலுக்கு. 2025இல் சர்வதேச புக்கர் வென்ற பானு முஷ்டாக் கன்னடத்தில் எழுதுபவர். 50,000 பவுண்டு பரிசில் சரிபாதி மொழிபெயர்ப்பாளர் தீபா பாஸ்திக்கு. பானு 1990 முதல் 2023 வரை எழுதியவற்றிலிருந்து 12 கதைகள் விருது வென்ற 'ஹார்ட் லேம்ப்' தொகுப்பில் இருக்கின்றன. விருதே இருவரையும் சமமாக நடத்தும்போது, செய்தியைப் பகிரும் நாம் தீபாவின் பெயரை விட்டுவிடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

தமிழில் வரும் மொழிபெயர்ப்புகளை வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். விலையைப் பார்ப்பதற்கு முன் உள்பக்கத்தைப் புரட்டி, மொழிபெயர்த்தவர் யார், எந்த மொழியிலிருந்து என்று பாருங்கள். தாகூரின் கீதாஞ்சலியையே எடுத்துக்கொள்வோம். 1913இல் அவருக்கு நோபல் கிடைக்க முக்கியக் காரணமான ஆங்கில கீதாஞ்சலியில் 103 பாடல்கள். அவற்றில் ஏறக்குறையப் பாதிதான் அதே பெயருள்ள வங்க நூலில் உள்ளவை. மற்றவை அவருடைய வேறு தொகுப்புகளிலிருந்து வந்தவை. நான் முதலில் படித்த தமிழ் கீதாஞ்சலி இவற்றில் எதிலிருந்து வந்தது என்று அதில் எங்கும் அச்சிடப்படவில்லை. வங்கப் பாடல்களைப் படித்துவிட்டதாகவே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக, பட்டியல்கள். நெடும்பட்டியல், குறும்பட்டியல், விருது மூன்றும் வெவ்வேறு படிகள். பெருமாள்முருகனின் 'பூக்குழி' 2023இல் சர்வதேச புக்கரின் 13 நூல்கள் கொண்ட நெடும்பட்டியலில் இடம்பெற்றது, குறும்பட்டியலுக்குப் போகவில்லை. ஆனால் அந்தப் பட்டியலில் ஏறிய முதல் தமிழ் நாவல் அது, அதுவே பெரிய செய்தி. அதைக் கேள்விப்பட்டு ஆங்கிலப் பதிப்பைத் தேடிப் போன தமிழ் வாசகர்களை எனக்குத் தெரியும். மூலம் 2013லேயே தமிழில் வெளிவந்துவிட்டது.