கண்காட்சி ஸ்டாலில் வீடியோவா, நேரடி செயல்விளக்கமா?

கோவை கொடிசியா வளாகத்தில் கிரைண்டர் ஸ்டால் போடுகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: பெரிய திரைக்குச் செலவழிக்கும் முன் ஒரு கிலோ உளுந்தை ஊற வையுங்கள்.

கல் சுழலும் சத்தம் கேட்டாலே நடந்து போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் மாவு ஆட்ட அரை மணி நேரம் ஆகும். வந்தவரோ இரண்டு நிமிடம்கூட நிற்க மாட்டார். அதனால் இரண்டு கிரைண்டர்களை வையுங்கள். ஒன்றில் உளுந்து அப்போதுதான் விழுந்திருக்கட்டும், மற்றொன்றில் மாவு பொங்கி வந்திருக்கட்டும். ஒரு சொட்டு மாவை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுக் காட்டுங்கள். அது மிதந்தால், சமையல் தெரிந்தவருக்கு வேறு விளக்கமே வேண்டாம். கையால் தொட்டுப் பார்க்கவும் விடுங்கள். பக்கத்தில் துண்டும் தண்ணீரும் இருக்கட்டும்.

வீடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. கல் கொத்துவது, மோட்டார் பொருத்துவது போன்று ஸ்டாலுக்குக் கொண்டுவர முடியாதவற்றுக்கு அதுதான் வழி. ஒரு நிமிடத்துக்குள் முடியட்டும். கூட்ட இரைச்சலில் குரல் கேட்காது, எனவே பெரிய தமிழ் எழுத்துகளில் வாசகங்களைப் போடுங்கள். இணையத்தை நம்பாமல் பென்டிரைவில் வைத்து ஓட்டுங்கள். திரையை ஓரமாக மாட்டுங்கள். கிரைண்டருக்கு நேர் பின்னால் இருந்தால் பார்வை அங்கே போய்விடும்.

எத்தனை வாட் மின்சாரம் தேவை என்பதை அமைப்பாளர்களிடம் முன்பதிவின்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.