ரயில் தாமதமா? காத்திருக்கும் நேரத்தில் அழகு பார்க்க, நன்றி சொல்லப் பழகுவது எப்படி?

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி, எழும்பூர் ரயில் நிலையத்தில் ஐந்து மணி நேரம் காத்திருந்தேன். அடைமழை. தெற்கே போகிற எங்கள் வண்டி எப்போது கிளம்பும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதல் ஒரு மணி நேரம் எரிச்சலிலேயே போனது. அதற்குப் பிறகு செய்ததை வரிசையாகச் சொல்கிறேன். தியானம் எதுவும் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு பேனாவும் துண்டுத் தாளும் போதும்.

படி 1: போவதா, திரும்புவதா?

இதை முடிவு செய்யாதவரை மனசு ஒரு இடத்தில் உட்காராது. 139-க்கு போன் செய்து நிலவரம் கேளுங்கள். நீங்கள் ஏறும் ஸ்டேஷனில் வண்டி 3 மணி நேரத்துக்கு மேல் தாமதம் என்றால், பயணத்தை விட்டுவிட்டு முழுக் கட்டணத்தையும் திரும்பக் கேட்கலாம். ஆன்லைன் டிக்கெட்டுக்கு, வண்டி கிளம்பும் முன்பே டி.டி.ஆர். (பணத்தைத் திரும்பக் கேட்கும் ஆன்லைன் விண்ணப்பம்) பதிவு செய்துவிட வேண்டும். போகத்தான் போகிறீர்கள் என்றால் வீட்டுக்குத் தகவல் சொல்லுங்கள், கழிவறைக்குப் போய் வாருங்கள், தண்ணீர் குடியுங்கள், போனுக்குச் சார்ஜ் போடுங்கள். வயிறு காய்ந்திருக்கும்போது எந்த அழகும் கண்ணில் படாது.

படி 2: காரணத்தைக் கேளுங்கள்

என்னைக் கேட்டால், இருப்பதிலேயே முக்கியமான படி இதுதான். ஏன் தாமதம் என்று தெரியாதபோதுதான் யாரோ நம்மை வேண்டுமென்றே நிறுத்தி வைத்த மாதிரி கோபம் வருகிறது. பக்கத்தில் நின்ற போர்ட்டர் அண்ணனிடம் கேட்டேன். "லைன்ல தண்ணி ஏறிடுச்சும்மா. ஆளுங்க நடந்து பாத்துச் சொன்னாத்தான் வண்டிய வுடுவாங்க" என்றார்.

நடந்தா? இந்த மழையிலா? ஆமாம். பெருமழை பெய்தால் தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும் ஜல்லியும் மண்ணும் அரித்துக்கொண்டு போய்விடும். மேலே இரும்பு மட்டும் அந்தரத்தில் நிற்கும். வேகமாக வரும் ஓட்டுநருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும், சில சமயம் தெரியாமலேயே போகும். அதனால் மழைக்காலத்தில் டிராக்மேன்கள் ராத்திரியில் கைவிளக்கோடு லைனில் நடந்து பார்க்கிறார்கள். ஆபத்து என்றால் தண்டவாளத்தின் மேல் வைக்க, கையில் டெட்டனேட்டர் இருக்கும். சக்கரம் ஏறியதும் அது வெடிக்கும், சத்தம் கேட்டு ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார்.

இதைத் தெரிந்துகொண்டபோது நான் கூரைக்குக் கீழே, காய்ந்த துணியோடு நின்றிருந்தேன். அதே நேரத்தில் யாரோ ஒருவர் என் வண்டி போகிற வழியில் நனைந்துகொண்டே நடந்துகொண்டிருந்தார். அதற்கு மேல் எரிச்சல்பட எனக்கு மனசு வரவில்லை.

படி 3: ஒரே ஒரு பொருளைப் பத்து நிமிடம் பாருங்கள்

போனைப் பைக்குள் போடுங்கள், படமும் எடுக்க வேண்டாம். நான் தண்டவாளத்தைப் பார்த்தேன். சக்கரம் தேய்த்த மேல்பக்கம் மட்டும் புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது, பக்கவாட்டில் முழுக்கத் துரு. மின்னுகிற இடத்தில் விழுந்த துளி முத்தாக உருண்டு நின்றது. துருவில் விழுந்த துளியைக் காணவே காணோம். முதல் இரண்டு மூன்று நிமிடம் ஒன்றும் தெரியாது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

எழும்பூரில் இருந்தால் முன்பக்கம் போய்க் கட்டடத்தையும் பாருங்கள். ஹென்றி இர்வின் வடிவமைப்பில், சாமிநாதப் பிள்ளை ஒப்பந்தம் எடுத்துக் கட்டி, 1908-ல் திறந்த நிலையம். எத்தனை தலைமுறை இங்கே மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தெற்கே போகும் வண்டிக்காக நின்றிருக்கும்!

படி 4: பக்கத்தில் இருப்பவரிடம் பேசுங்கள்

"எங்க போறீங்க?" என்று கேட்டால் போதும். என் பக்கத்தில் ஒரு பாட்டி, பேரனோடு கோவில்பட்டிக்குப் போகக் காத்திருந்தார். எவர்சில்வர் டப்பாவைத் திறந்ததும் நல்லெண்ணெயும் மிளகாய்ப் பொடியும் கலந்த வாசனை. "ரெண்டு இட்லி எடுத்துக்கோ தாயி, எவ்வளவு நேரந்தான் பட்டினியா இருப்ப?" தெரியாதவர்கள் கொடுப்பதைச் சாப்பிட வேண்டாம் என்று ரயில்வே சொல்வது நியாயம்தான். அவர்களும் அதே டப்பாவிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் பேச்சோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்று. சாவு வீட்டுக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறவர் பக்கத்தில் இருந்தால், இந்தப் படிகளை அவரிடம் சொல்லாதீர்கள். அவருடைய பையைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுங்கள்.

படி 5: மூன்று வரி எழுதுங்கள்

"எல்லாவற்றுக்கும் நன்றி" என்று எழுதினால் மனசில் ஒட்டாது. ஒவ்வொரு வரியிலும் ஒரு ஆளும் அவர் செய்த காரியமும் இருக்கட்டும். நான் எழுதியது:

காரணம் சொன்ன போர்ட்டர் அண்ணனுக்கு.
பொடி தடவிய இட்லி கொடுத்த பாட்டிக்கு.
மழையில் லைன் பார்த்து நடக்கிறவருக்கு.

எழுதிய தாளை டிக்கெட் வைக்கும் இடத்திலேயே வையுங்கள்.

வண்டி கிளம்பியபோது நள்ளிரவு தாண்டிவிட்டது. செங்கல்பட்டு நெருங்கும்போது, கொளவாய் ஏரிப் பக்கம் ஊர்ந்து ஊர்ந்து போனது. ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். இருட்டில், லைன் ஓரமாக ஒதுங்கி, ஒரு கைவிளக்கு எங்கள் வண்டி கடந்து போகிறவரை அசையாமல் நின்றது.